அருகும் வருகையும்

எங்கள் பங்கில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு தொடங்கும். சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் கடைசி வாரத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சார்ட் அட்டையைக் கொடுத்து, வரப்போகும் நான்கு வாரங்களின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வரச் சொன்னேன். கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பெண் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொண்டுவந்தாள். ஓரத்தில் நான்கு மெழுகுதிரிகளும் வரைந்திருந்தாள். ஆனால் அட்டையில் இருந்தது 'திரு அருகைக் காலம்'.

"என்னம்மா இது?" என்றேன்.

"திருவருள்னா திரு அருள்தானே டீச்சர்? திருவடின்னா திரு அடி. அப்போ திருவருகைன்னா திரு அருகைதானே?"

பள்ளியில் அந்த வாரம்தான் உடம்படுமெய் நடத்தியிருக்கிறார்கள். இங்கே வகரம் இடையில் வந்து ஒட்டிய எழுத்து இல்லை, வருகை என்பதே முழுச்சொல் என்று விளக்கினேன். அகரத்தின் மேல் ஒரு துண்டு வெள்ளைத்தாளை ஒட்டி 'வ' என்று எழுதினேன். அவள் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. இலக்கணப்படி நான் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பெயரின் வரலாற்றைப் பிற்பாடு தேடிப் போனபோது, அவள் எழுதியதிலும் ஓர் உண்மை இருந்ததைக் கண்டேன்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்தின் பெயர் அது. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அந்த நாளிலோ அதற்கு மிக நெருங்கியோ வருகிற ஞாயிற்றுக்கிழமையில் காலம் தொடங்கும். அதனால் தொடக்க நாள் நவம்பர் 27-க்கு முந்தாது, டிசம்பர் 3-க்குப் பிந்தாது. மொத்தம் 22 நாளாகவும் இருக்கலாம், 28 நாளாகவும் இருக்கலாம். கத்தோலிக்கர் இதைத் திருவருகைக்காலம் என்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் 'அட்வெந்து' என்ற சொல் புழங்குகிறது. தவக்காலத்தை 'லெந்து' என்று சொல்லும் அதே நாக்கு இதையும் தமிழ் உகரத்தில் முடித்துக்கொண்டது. இலங்கைத் தமிழர்களோ விழாவையே நத்தார் என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற 'நத்தால்' என்ற சொல் அது. பிறப்பு என்பதுதான் அதன் பொருள். ஆக, விழாவின் பெயர் பிறப்பைச் சொல்கிறது, அதற்கு முந்தைய காலத்தின் பெயர் வருகையைச் சொல்கிறது. இந்த வேறுபாடு சிறியதல்ல. பிறப்பு ஒருமுறைதான். வருகைக்கு அந்தக் கட்டு இல்லை.

அட்வெந்து என்பது லத்தீன் 'அத்வெந்துஸ்'. 'அத்' என்றால் நோக்கி. 'வெனீரே' என்றால் வருதல். நம்மை நோக்கி வருதல். இந்த 'வெனீரே'யின் வேரும் சமஸ்கிருதத்தின் 'கம்' என்ற வேரும் ஒரே தாய்வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. 'கம்' வேரோடு 'ஆ' என்ற முன்னொட்டு சேர்ந்தால் ஆகமனம். கேரளத்து லத்தீன் கத்தோலிக்கர் இந்தக் காலத்தை 'ஆகமனகாலம்' என்கிறார்கள். லத்தீன் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்து வைத்தது போன்ற சொல் அது. அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் ஆகமம். வந்து சேர்ந்தது, வழிவழியாக நம்மிடம் வந்தது என்பது அதன் பொருள். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று தமிழ் விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களின் பெயர்களில் அது உட்கார்ந்திருக்கிறது. விவிலியத்தைத் திறந்த உடனேயே அத்வெந்துஸின் ஒன்றுவிட்ட உறவு எதிரே நிற்கிறது, நாம்தான் அடையாளம் காண்பதில்லை. சென்னை அண்ணா நகரின் தெருப் பலகைகளிலும் ஓர் உறவு இருக்கிறது. அவென்யூ என்ற சொல் அதே லத்தீன் வினை பிரெஞ்சு வழியாகப் போய் எடுத்த வடிவம். ஒரு மாளிகையை நோக்கி வருகிற பாதைக்கு முதலில் அந்தப் பெயர்.

கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்வதற்கு முன் அத்வெந்துஸ் அரண்மனைச் சொல்லாக இருந்தது. ரோமப் பேரரசர் ஒரு நகரத்துக்குள் முறைப்படி நுழைவதற்கு அதுதான் பெயர். நகரத்தார் வெகுதூரம் வெளியே வந்து காத்திருப்பார்கள். மாலையும் தீபமும் பாட்டும் உண்டு. நாணயங்களில் அத்வெந்துஸ் என்று பொறிப்பார்கள். பிரான்சில் அராஸ் நகருக்குப் பக்கத்தில் பொராங் என்ற ஊரில் 1922-இல் ஒரு புதையல் கிடைத்தது. அதிலிருந்த தங்கப் பதக்கம் ஒன்றின் படத்தை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். கி.பி. 296-இல் பிரிட்டனை மீட்ட கொன்ஸ்தாந்தியுஸ் குதிரைமேல் வருகிறார். கையில் ஈட்டி. கீழே ஆற்றில் ஒரு போர்க்கப்பல். லண்டன் நகரம் ஒரு பெண்ணாக, கோட்டை வாசலில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகளின் பொருள், 'நித்திய ஒளியைத் திருப்பித் தந்தவர்'. அந்தப் பட்டத்தைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. மெழுகுதிரி ஏற்றிவைத்து நாம் வேறொருவருக்குச் சொல்லும் சொற்கள் அல்லவா அவை? அதே நூற்றாண்டுகளில் அதே வானத்தின் கீழே ஒரு தளபதிக்கும் அவை சொல்லப்பட்டிருக்கின்றன.

கி.பி. 357-இல் இன்னொரு கொன்ஸ்தாந்தியுஸ், முன்னவரின் பேரன், ரோமுக்குள் நுழைந்த காட்சியை அம்மியானுஸ் மார்செல்லினுஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். பொன் தேரில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். கழுத்தை இறுக்கிப் பிடித்தது போல நேரே பார்த்தாராம். வலப்பக்கமும் திரும்பவில்லை, இடப்பக்கமும் திரும்பவில்லை. துப்பவில்லை, மூக்கைத் துடைக்கவில்லை, கையை அசைக்கவில்லை. சிலையாக இருந்தார். குள்ளமான மனிதர்தான், ஆனாலும் உயரமான வாயில்களுக்குள் நுழையும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டார். யாரையும் பார்க்காத வருகை அது. ஊரே பார்க்கும், வருகிறவர் பார்க்கமாட்டார். பேரரசரின் வருகைக்கு அதுவே இலக்கணமாக இருந்தது.

லத்தீன் விவிலியம் கிரேக்கத்திலிருந்து 'பரூசியா' என்ற சொல்லை மொழிபெயர்க்க வேண்டியிருந்தபோது இந்த அரண்மனைச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. பரூசியாவும் அரசர் வருகைக்குப் புழங்கிய சொல்தான். அடால்ஃப் டைஸ்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் 1908-இல் வெளியிட்ட நூலில், எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளைக் கொண்டு இதை விரிவாகக் காட்டினார். அந்த ஏடுகளில் அரசரின் பரூசியாவுக்காகக் கிராமங்களில் தானியம் தண்டியதும், பொன்முடிக்குப் பணம் பிரித்ததும் வருகின்றன. வருகிறவர் பெரியவர் என்றால் வரவேற்கும் செலவு ஏழைகளின் தலையில் விழும். பாதைகள் செப்பனிடப்பட்டன. எசாயா சொன்ன, திருமுழுக்கு யோவான் திரும்பச் சொன்ன, வழியை ஆயத்தம் செய்யும் வேலை அந்த உலகத்தில் வெறும் உருவகம் இல்லை. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் மண்வெட்டி வேலை. இரண்டாம் ஞாயிறு வாசகத்தில் அதைக் கேட்கும்போது எனக்கு வியர்வையின் நினைவு வரும்.

ஆனால் பரூசியா பிறந்தபோது அதற்கு அரசரும் தெரியாது, குதிரையும் தெரியாது. பிரித்துப் பார்த்தால் 'பரா', 'ஊசியா' என்று இரண்டு துண்டு. பரா என்றால் பக்கத்தில். ஊசியா என்றால் இருத்தல். பக்கத்தில் இருத்தல். அருகு இருத்தல்.

இதைப் படித்த இரவு அந்தப் பெண்ணின் சார்ட் அட்டைதான் என் கண்முன் வந்தது. ஊதா எழுத்து. திரு அருகை.

கிரேக்க மொழியில் அந்தச் சொல்லின் பொருள் முதலில் உடனிருப்பு. பிறகு, உடனிருப்பதற்காக ஒருவர் வந்து சேர்வது. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, நான் உங்களோடு இருந்தபோதும் இல்லாதபோதும் என்ற பொருளில் இதே சொல்லைத் தனக்கே பயன்படுத்துகிறார். அங்கே லத்தீன் விவிலியமும் அத்வெந்துஸ் என்று போடாமல் உடனிருப்பு என்ற சொல்லைப் போடுகிறது. மற்ற இடங்களில், குறிப்பாகக் கிறிஸ்துவைப் பற்றிப் பேசும் இடங்களில், பெரும்பாலும் வருகை. அந்தத் தேர்வினால்தான் இன்று இந்தக் காலத்துக்கு இந்தப் பெயர். வேறு சொல்லைத் தேர்ந்திருந்தால் நாம் டிசம்பரில் 'உடனிருப்புக் காலம்' கொண்டாடிக்கொண்டிருப்போம்.

தமிழில் வருகை என்ற சொல்லும் இதே இரண்டு கரைகளுக்கு நடுவில்தான் ஓடுகிறது. பள்ளியில் வருகைப் பதிவேட்டை எடுக்கிறோம். பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை "வந்தேன்" என்று சொல்வதில்லை. "உள்ளேன் ஐயா" என்கிறது. வருகை என்று தலைப்பிட்டுவிட்டு நாம் அங்கே குறித்துவைப்பது இருப்பை. பரூசியாவுக்குள் இருக்கும் 'ஊசியா' அப்படியே இந்த 'உள்ளேன்' தான். மறைக்கல்வி வகுப்பில் ஒவ்வொரு ஞாயிறும் நான் பெயர் கூப்பிட்டிருக்கிறேன். என் கையிலேயே விடை இருந்திருக்கிறது.

திருச்சபை இந்தக் காலத்தை வகுத்த முதல் தடயங்களில் ஒன்று இந்த வருகைப் பதிவைத்தான் கேட்கிறது. கி.பி. 380-இல் ஸ்பெயின் நாட்டுச் சரகோசாவில் கூடிய ஆயர் மன்றம், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 வரை 21 நாள் யாரும் கோவிலுக்கு வராமல் இருக்கக்கூடாது என்று விதித்தது. வீட்டுக்குள் பதுங்கக்கூடாது, தோட்டத்து வீட்டுக்குப் போய்த் தங்கக்கூடாது, மலைக்குப் போகக்கூடாது, வெறுங்காலோடு திரியக்கூடாது. கோவிலுக்கு வா, எல்லாரோடும் இரு. நோன்பு என்ற சொல்லோ வருகை என்ற சொல்லோ அந்த விதியில் இல்லை. தனியாக ஒதுங்கித் தவம் செய்வதை அது விரும்பவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

நோன்பு பிரான்சில் சேர்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தூர் நகரத்தின் ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு என்று வைத்தார். 581-இல் மாக்கோன் ஆயர் மன்றம் திங்கள், புதன், வெள்ளி என்று நாளையும் குறித்தது. இதற்குப் புனித மார்ட்டினின் நாற்பது நாள் என்றே பெயர். ரோமிலோ இந்த வாரங்களுக்கு அவ்வளவு கடுமை இருக்கவில்லை, பிறப்பை எதிர்நோக்கும் மகிழ்ச்சியே மேலோங்கியிருந்தது. எட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கெலாசியன் மன்றாட்டு நூலில் 'ஆண்டவரின் வருகை பற்றிய மன்றாட்டுகள்' என்று தலைப்பே இருக்கிறது. இரண்டு மரபும் கலந்ததுதான் இன்று நம் கையில் இருப்பது. ஊதா உடை நோன்பின் பக்கம். மூன்றாம் ஞாயிற்றின் ரோஜா நிறம் மகிழ்ச்சியின் பக்கம். மிலான் நகரத்து அம்புரோசிய வழிபாட்டில் இன்றும் ஆறு ஞாயிறு. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் நவம்பர் 15 முதல் நாற்பது நாள் நோன்பு. கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபை இந்த வாரங்களை மங்களவார்த்தைக்காலம் என்கிறது. கபிரியேல் மரியாவுக்குச் சொன்ன செய்தியிலிருந்து எடுத்த பெயர். சிரிய மொழியில் 'சுபாரா'. அங்கே வீடுகளில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தஞ்சு நோம்பு. மேற்கு, வருகிறவரைப் பார்த்துப் பெயர் வைத்தது. கிழக்கு, செய்தியைக் கேட்டவளைப் பார்த்துப் பெயர் வைத்தது. எனக்கு இரண்டாவதின் மேலும் ஆசை உண்டு.

இனி நம் சொல்லுக்கு வருவோம்.

வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வெளியானது. அந்த ஆண்டு டிசம்பர் 1 ஞாயிறு. அதாவது திருவருகைக்காலத்தின் முதல் வாரத்துப் புதன்கிழமை அது. லத்தீன் பூசை தமிழுக்கு மாறிய காலத்தில் பல பெயர்களும் மாறின. பூசை திருப்பலி ஆனது, தபசு காலம் தவக்காலம் ஆனது. திருப்பலி, திருவிவிலியம், திருத்தந்தை என்று திரு முன்னொட்டு எங்கும் பூத்தது. அந்த வரிசையில்தான் திருவருகையும் நிற்கிறது.

பெயர் வைத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, தமிழில் வருகை என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே ஒரு குழந்தை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆறாவது வருகைப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் ஆகியவற்றைத் தாண்டி, ஒரு வயது ஆகும் பிள்ளை தத்தித் தத்தி அடியெடுத்து வைக்கும் வேளை. தாய் சற்று தூரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டி, வா, வா என்று கூப்பிடுகிறாள். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே அப்படிக் கூப்பிட்டார். இயேசுவைப் பிள்ளையாக வைத்தும் தமிழில் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள்.

லண்டன் பதக்கத்தில் மண்டியிட்ட பெண்ணும் கைகளை நீட்டியிருக்கிறாள். பிள்ளைத்தமிழ்த் தாயும் கைகளை நீட்டியிருக்கிறாள். அவள் முன்னால் வருவது குதிரை. இவள் முன்னால் வருவது கொலுசு கட்டிய கால். லத்தீன் பெயரைக் கேட்டு வளர்ந்த ஒருவர் கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தம் செய்யும்போது, பேரரசர் வடிவத்தைத் தன் மனத்திலிருந்து கஷ்டப்பட்டுக் கழற்ற வேண்டும். தமிழ் பேசும் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வருகை என்றால் விழுந்துவிடாமல் பிடிக்கத் தயாராக இருப்பது என்பது நம் இலக்கியத்திலேயே இருக்கிறது.

ஆனாலும் இந்தப் பெயர் பெத்லகேமோடு நின்றுவிடுவதில்லை. தென்மாவட்டங்களின் சுவர்களிலும் வேன்களின் முதுகிலும் 'இயேசு வருகிறார்' என்று எழுதியிருப்பதைப் பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். சபைகளில் வருகை என்று மட்டும் சொன்னால் இரண்டாம் வருகை என்றுதான் பொருள். திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தியும் பாலனைப் பற்றிப் பேசாது. விழித்திருங்கள் என்று கடைசி நாளைப் பற்றித்தான் பேசும். டிசம்பர் 17 வந்தபிறகுதான் வாசகங்கள் முழுமையாகப் பிறப்பின் பக்கம் திரும்பும். பிள்ளைகள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். வந்தவர் எப்படி மறுபடி வருவார்?

தமிழில் இதற்கு விளக்கமே தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் யாரும் வாசலில் நின்று "போகிறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள். "போய்ட்டு வரேன்." விடைபெறும் சொல்லிலேயே வருகை இருக்கிறது. இயேசு தம் சீடர்களிடம் கடைசி இரவில் பேசியதைத் தமிழ்க் காதோடு கேட்டால், இடம் ஆயத்தம் செய்யப் போய்த் திரும்ப வந்து உங்களைக் கூட்டிக்கொள்வேன் என்று அவர் சொன்னது, வாசற்படியில் நின்று போய்ட்டு வரேன் என்று சொன்னதுதான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் பெர்னார்டு இன்னொன்றும் சொன்னார். வருகை இரண்டல்ல, மூன்று. முதலாவது பலவீனமான உடலில், கடைசியானது மாட்சியில். இரண்டுக்கும் நடுவில், யார் கண்ணுக்கும் தெரியாமல், உள்ளத்தில் ஒன்று. அதை 'நடு வருகை' என்றார். மற்ற இரண்டும் ஊரறிந்தவை. ஆன்மிக ஆயத்தம் என்று நாம் சொல்வது முழுக்க முழுக்க இந்த நடு வருகைக்குத்தான்.

தொடக்கத் திருச்சபையின் அரமேயச் சொல்லான 'மாரநாதா'விலும் இதே முடிச்சு. 'மாரன் அதா' என்று பிரித்தால், நம் ஆண்டவர் வந்துவிட்டார். 'மாரனா தா' என்று பிரித்தால், எங்கள் ஆண்டவரே, வாரும். எழுத்து ஒன்றுதான். எங்கே வெட்டுகிறோம் என்பதில் பொருள் மாறுகிறது. இரண்டு பிரிப்புக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். சரியான பிரிப்பு எது என்று தேடித் தேடி, இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியபோது, வெள்ளைத்தாள் ஒட்டிய என் கையைப் பற்றி மறுபடியும் வருத்தம் வந்தது.

பவுல் தெசலோனிக்கருக்குக் கிறிஸ்துவின் பரூசியாவைப் பற்றி எழுதும்போது கூடவே இன்னொரு சொல்லும் போடுகிறார். 'அப்பாந்தேசிஸ்'. வருகிறவரை ஊருக்கு வெளியே போய்ச் சந்தித்து உள்ளே அழைத்து வருவது. பழைய தமிழ் விவிலியம் அதை 'எதிர்கொண்டு' என்ற சொல்லால் மொழிபெயர்த்தது. மாப்பிள்ளை அழைப்பில் ஊர் எல்லைவரை போய் எதிர்கொண்டு அழைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பத்துக் கன்னியர் கதையில் மணவாளனை எதிர்கொள்ளப் போகிறவர்களுக்கும் இதே சொல். கைதியாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட பவுலைச் சகோதரர்கள் அப்பியுபுரம்வரை, மூன்று சத்திரம்வரை வந்து எதிர்கொண்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் முடிவில் வருகிற இடத்திலும் இதே சொல். சங்கிலி போட்ட ஒரு கைதிக்கு, பேரரசருக்குச் செய்யும் மரியாதை. அவர்களைப் பார்த்துப் பவுல் தைரியம் அடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். வரவேற்பு என்ற நம் சொல்லைப் பிரித்தால் வரவு, ஏற்பு. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பதற்கு முன் அந்தச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

எங்கள் அம்மாச்சி இந்தச் சொற்கள் எதையும் அறியாதவர். கார்த்திகை கடைசியில் மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும்போது அவருடைய ஆயத்தம் ஆரம்பித்துவிடும். பழைய பிஸ்கட் டின் மூடிகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதைப்பார். குடிலில் வைக்கப் பச்சைப் புல் வேண்டுமே. காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும், செம்பால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும் என்பார். தீவனத் தொட்டிக்கு வைக்கோல் பிள்ளைகள் பொறுப்பு. ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் போடலாம். பொய் சொல்லிப் போடக்கூடாது, பாலனுக்கு முதுகில் குத்தும் என்று பயமுறுத்துவார்.

இவையெல்லாம் பல வீடுகளில் நடப்பவைதான். அவருடைய தனி வழக்கம் ஒன்று இருந்தது. தெருக்கோடியில் ஒரு பாட்டி பல வருடமாகப் படுத்த படுக்கை. அந்த நான்கு வாரமும் சாயங்காலச் செபமாலை முடிந்ததும் அம்மாச்சி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புவார். கையில் ஒன்றும் இருக்காது. பலகாரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஒருநாள் நான் கூடப் போனேன். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அம்மாச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டியின் கால்மேல் கை வைத்திருந்தார். அரை மணி நேரம் போனபின் எழுந்து வந்துவிட்டார். அங்கே என்னதான் செய்வீர்கள் என்று கேட்டால், தினமும் கிளம்பும்போது சொல்வதையே சொல்வார்: "ஒண்ணுமில்லய்யா. சும்மா பக்கத்துல இருந்துட்டு வாறேன்."

பக்கத்தில் இருத்தலும் வருதலும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. பரூசியாவுக்கு அகராதிகள் தரும் இரண்டு பொருளும்தான். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லாரையும் அவர் 'ஐயா' என்றே கூப்பிடுவார்.

மெழுகுதிரி வளையம் எங்கள் பங்குக்கு வந்தது பின்னால்தான். 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிக் விஹர்ன், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் 4 பெரிய வெள்ளைத் திரிகளும் 20 சிறிய சிவப்புத் திரிகளும் பொருத்தினார். கிறிஸ்மஸ் எப்போது என்று தினமும் கேட்டு நச்சரித்த பிள்ளைகளுக்காகச் செய்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 ஞாயிறாக இருந்ததால் மொத்தம் 24 நாள், 24 திரி. காத்திருக்கத் தெரியாத பிள்ளைகளுக்குக் காத்திருப்பதை எண்ணிக்காட்டிய அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

காலத்தின் கடைசி ஏழு மாலைகளில், டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலைச் செபத்தில் வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மிகப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு பெயர். ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், உதிக்கும் சுடர், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். லத்தீனில் சபியென்சியா, அதோனாய், ரதிக்ஸ், கிளாவிஸ், ஓரியென்ஸ், ரெக்ஸ், எம்மானுவேல். இந்த ஏழின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாசித்தால் 'எரோ கிராஸ்' என்று வருகிறது. 'நாளை இருப்பேன்' என்று பொருள். வேண்டுமென்று அமைத்தார்களா, தானாக அமைந்ததா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வாரும், வாரும் என்று ஏழு நாள் கூப்பிட்டவர்களுக்குக் கிடைக்கிற பதிலில் வருவேன் என்ற சொல் இல்லை. இருப்பேன் என்றுதான் இருக்கிறது. அந்தப் பதிலின் முதல் எழுத்தைத் தருவது கடைசி நாளின் பெயரான இம்மானுவேல். எபிரேயத்தில் 'இம்மானு' என்றால் நம்மோடு. 'ஏல்' என்றால் கடவுள்.

அந்தச் சார்ட் அட்டை பல நாள் மறைக்கல்வி அறைச் சுவரில் இருந்தது. பசை விட்டு, வெள்ளைத்தாளின் ஒரு முனை தூக்கிக்கொண்டு, அடியில் ஊதா அகரத்தின் சுழி தெரியும். அறைக்கு வெள்ளையடித்தபோது எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவள் இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். விழாவுக்கு எப்போதும் வந்துவிடுவாள். நடுச்சாமப் பூசை முடிந்து எல்லாரும் குடிலுக்கு முன்னால் கூடி நிற்கும்போது அவளைத் தேடிப் பிடித்து, அன்றைக்கு நீ எழுதியது கிரேக்கத்தில் சரி என்று சொல்லவேண்டும்.